ஐந்தாம் வரிசை, நான்காம் குழி

முனிரத்தினம் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது அவருடைய மகள் புவனா. காலை ஏழரை மணி இருக்கும். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். "மேடம், நைனா போயிட்டாரு" என்றாள். அழவில்லை. பிறகு, "டயாலிசிஸுக்குக் கெளம்பிகினு இருந்தாரு. சட்டை போட்டுகினு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றாள். வருகிறேன் என்று சொல்லி அடுப்பை அணைத்தேன்.

ஒன்பது மணிக்குள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் முதல்வரின் இரங்கல் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நான்கு வரி. நல்ல வரிகள், எந்த மரணத்துக்கும் பொருந்துபவை. கூடவே ஒரு படம். எங்கள் ஆய்வகத்துக்கு வல்லுநர் குழு வந்த நாளில் எடுத்தது. நடுவில் முதல்வர் நிற்கிறார், பக்கத்தில் நான். படத்தின் ஓரத்தில் முனிரத்தினத்தின் முழங்கை இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், அறுபதுக்கு மேல். நான் போடவில்லை.

பத்தாம் நாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. "முனி நம்ம குடும்பத்துல ஒருத்தன். சொன்ன வேலையைச் செய்வான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்று முதல்வர் பேசினார். முடிந்ததும் என்னை அழைத்து, கல்லூரி மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார். எழுதிவிட்டேன். நாலு வரியில் அடங்கவில்லை. கல்லூரி மலரில் இது வராது என்பதால், பழைய மாணவர்கள் நடத்தும் இந்த இதழுக்கு அனுப்புகிறேன். உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அளந்துகொண்டிருக்கும்போது கேபிளை மிதித்ததற்காக, உலைக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸை வைத்ததற்காக. அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதை நீங்கள் நம்பப்போவதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல்வர் அந்த நாட்களில் எங்கள் துறைத் தலைவராக இருந்தார். முனிரத்தினத்தின் பெயரை அவர் எந்தத் தாளிலும் எழுதவில்லை. முதல்வரின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. தன் பெயர் அச்சில் வருவதில் அவருக்கு உள்ள ஆசையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

முனிரத்தினம் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். மின்னணுவியல் துறையில் ஆய்வக உதவியாளர். கே.ஜி.கண்டிகையிலிருந்து மொபெட்டில் வருவார். நான் முனைவர் பட்டம் முடித்து இந்தக் கல்லூரிக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே இருந்தார். நான் ஒருவர் சொல்வதை எளிதில் நம்புகிறவள் இல்லை. அவரும் அப்படித்தான். அதனால் எங்களுக்குள் பேச்சு குறைவாகவும் வேலை சரியாகவும் நடந்தது.

நாங்கள் செய்த வேலையை எளிதாகவே சொல்லலாம். பீங்கான் மாதிரியான ஒரு பொருளில், சட்டைப் பொத்தானைவிடத் தடிமனான வெள்ளை வில்லைகள் செய்வோம். அவற்றில் உலோகம் கிடையாது, காந்தம் கிடையாது. ஆனால் சரியான அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் வந்து பட்டால், அலை வில்லைக்குள் புகுந்து சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு வில்லை ஒரு குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும். சற்றுப் பெரிய வில்லை அதே அதிர்வெண்ணில் வேறு விதமாகச் சுழலவைக்கும், மின்முனைபோல நடந்துகொள்ளும். சிறியவற்றை மட்டும் வரிசையாக அடுக்கினால் அலையை மறிக்கும். பெரியவற்றை மட்டும் அடுக்கினாலும் மறிக்கும். இரண்டையும் கலந்து அடுக்கினால் வழிவிடும். வழிவிடுவது மட்டுமல்ல, உள்ளே போகும் அலையின் முகடுகள் வந்த திசையைப் பார்த்தே திரும்பி நடக்கும். இயற்கையில் கிடைக்கும் எந்தச் சாதாரணப் பொருளிலும் இதைப் பார்க்க முடியாது. மெட்டாமெட்டீரியல் என்று சொல்வது இதைத்தான். குணம் பொருளில் இல்லை, அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

இதை முனிரத்தினத்திடம் சொன்னபோது அவர் வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்த சாணைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆங், தனித்தனியா வந்தா ரெண்டு பேரும் வழிய மறிப்பாங்க, ஒண்ணா வந்தா கேட்டத் தொறந்து வுட்டுருவாங்க. எங்க பங்காளிங்க மாதிரி" என்றார். கருத்தரங்குகளில் இதைவிட மோசமான விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன்.

அடுக்குவது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள்தான் முனிரத்தினத்தின் இரண்டு வருடங்கள் இருந்தன. ஒரே தூளை ஒரே அச்சில் அழுத்தி ஒரே உலையில் சுட்டாலும், வெளியே வரும் வில்லைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கியிருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒன்று. அலைக்கு ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எங்களைப்போல ஆராய்ச்சி செய்யும் பல இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்து, சரி என்று அடுக்கிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு வில்லையையும் தனியாக அலைக்கு முன்னால் வைத்து, அது எந்த அதிர்வெண்ணில் பதில் சொல்கிறது என்று பார்ப்பார். சரியாக இருந்தால் தெர்மோகோல் தகட்டில் அதற்கென்று வெட்டிய குழிக்குள் போகும். சற்றே விலகியிருந்தால் ஈரச் சாணைத் தாளில் நாலு தேய், மறுபடி அலைக்கு முன்னால். அதற்கும் சரிப்படாதவை ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலுக்குள் போகும். பாட்டிலின் மேல் தாள் ஒட்டி, 'கூட்டத்துல சேராதது' என்று எழுதியிருந்தார்.

அவருடைய நோட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அறையின் வெப்பநிலை இருக்கும். திருத்தணியின் மே மாதத்தில் காலை ஏழு மணிக்கு ஒன்று சொல்லும் வில்லை மதியம் இரண்டு மணிக்கு வேறொன்று சொல்லும். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவர் எடுக்கவில்லை. ஒரு கோடையில் இரண்டு வாரம் அளவுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்தன. கருவி கெட்டுவிட்டது என்று நான் சொன்னேன். அவர் சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார்.

கலந்து அடுக்கிய தகடுகள் வழிவிட்ட காலை எனக்கு நினைவிருக்கிறது. அலையை அளக்கும் நெட்வொர்க் அனலைசரின் திரையில், பள்ளமாக இருக்கவேண்டிய இடத்தில் வளைவு மெதுவாகத் தூக்கிக்கொண்டு நின்றது, மொழுமொழுவென்று ஒரு மேடு. தகட்டை எடுத்தோம், வைத்தோம். மறுபடி எடுத்தோம், வைத்தோம். ஆறாவது முறைக்குப் பிறகு நான் நம்பினேன். முனிரத்தினம் பத்தாவது முறைக்குப் பிறகு டீ குடிக்கப் போனார்.

அந்தக் காலை எங்கள் இருவருக்குமானது. அடுத்து நடந்தது துறைத் தலைவருக்கானது.

வல்லுநர் குழு வருவதற்கு முதல் நாள், ஐந்தாம் வரிசையில் நான்காவது குழியிலிருந்த வில்லை விரிசல் விட்டிருப்பதை முனிரத்தினம் பார்த்தார். அதை எடுத்துவிட்டு, அதற்கு மாற்று ஒன்றை உலையில் வைத்தார். மறுநாள் மாலைதான் அது ஆறும். ஒரு குழி காலியாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, தவறான வில்லை இருந்தால்தான் கெடுதல் என்று என்னிடமும் தலைவரிடமும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை தலைவர் தகட்டைப் பார்த்தார். "என்ன மேடம் இது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. போட்டோவுல அசிங்கமா தெரியும்" என்றார். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, ஒரு வில்லையை எடுத்து, அவரே அந்தக் குழியில் அழுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரே ஒரு வில்லைதானே என்று இருந்துவிட்டேன். ஆராய்ச்சியில் இருபது வருடம் இருந்தவர் ஒருவரும் பத்து வருடம் இருந்தவள் ஒருத்தியும் சேர்ந்து செய்த தப்பு இது. ஐடிஐ படித்தவர் செய்யாத தப்பு.

மதியம் குழுவின் முன்னால் அளந்தபோது மேட்டின் நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. ஊசியால் குத்தியதுபோல ஒடுக்கமான, ஆழமான வெட்டு. குழுவில் ஒருவர் இது என்ன என்று கேட்டார். தலைவர் ஒரு கணம்கூடத் தயங்காமல், இதுதான் புதியது, இரண்டு வகை வில்லைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் பிறக்கும் ஒரு புது நிலை என்றார். அதைச் சொன்ன பிறகு அவரே அதை நம்ப ஆரம்பித்தார். சில பேருக்கு அந்தத் திறமை உண்டு.

முனிரத்தினம் அன்று மாலையே விஷயத்தைக் கண்டுபிடித்தார். மறுநாள் காலை சரியான வில்லையைப் போட்டு அளந்தார். வெட்டு இல்லை. பழையதைப் போட்டார், இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கூட்டத்துல ஒருத்தன் மட்டும் வேற சுதியில பாடிகினு இருக்கான் மேடம். அத்தப் போயி புதுப் பாட்டுன்றாரு" என்றார். சரியான வில்லையையே குழியில் விட்டுவிட்டு, தலைவரிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். தலைவர் கணினியிலிருந்து திரும்பவில்லை. "நீ லேபைப் பாத்துக்கோ முனி. பிசிக்ஸை நான் பாத்துக்கறேன்" என்றார். வந்து பாருங்கள் என்று முனிரத்தினம் மறுபடி கூப்பிட்டார். சரி, சரி என்றார். வரவில்லை.

அந்த வெட்டைப் பற்றித் தலைவர் கட்டுரை எழுதினார். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது. கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியும். இணைப் பேராசிரியர் ஆவதற்கு எனக்கு ஒரு கட்டுரை குறைந்தது என்பதைத் தவிர வேறு சாக்கு என்னிடம் இல்லை. அது நல்ல சாக்கும் இல்லை.

இதழ் அச்சாகி வந்ததும் முனிரத்தினம் கேட்டு வாங்கினார். ஆங்கிலம் மெதுவாகப் படிப்பார். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே போய், கடைசிப் பக்கத்துக்கு வந்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். தன் பெயர் எங்கே என்று கேட்டார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தைப் படித்துக் காட்டினேன். நிர்வாகத்துக்கு நன்றி. நிதி கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆய்வக வசதிகளுக்கு நன்றி.

"வசதின்னு போட்டுகிறாங்களே" என்றார். "அது நானா மேடம்?"

பிறகு இதழை மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு உலையைச் சுத்தம் செய்யப் போனார். அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. அளந்தவர் பெயர் அளவோடு இருக்கவேண்டும், தப்பான அளவு திருத்தப்படவேண்டும். இந்த இரண்டைத் தவிர வேறெதையும் அவர் கடைசிவரை கேட்கவில்லை.

கட்டுரைக்கு ஒரு விருது வந்தது. தலைவர் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, துறை முழுவதற்கும் பிரசாதம் கொடுத்தார். எல்லாம் முருகன் கொடுத்தது என்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முனிரத்தினம் விபூதியைப் பூசிக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி, ஆனால் பணிவாகத்தான், "முருகன் குடுத்ததுதான் சார். குழியில போட்டது நீங்க" என்றார். ஏதோ பாராட்டு என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

அவருக்கு அந்தச் சிரிப்பு தீர்ந்துபோனது நாலு வருடம் கழித்து. அதற்குள் தகடுகள் கண்ணாடி அலமாரிக்குள் போய், கீழே தலைவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை வந்திருந்தது. கட்டுரையைப் படித்த இரண்டு பேர் அந்த வெட்டை நேரில் பார்க்கவேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்தார்கள். தலைவர் அலமாரியைத் திறந்து தகடுகளைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். அனலைசருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் மேடு வந்தது. வெட்டு வரவில்லை. இத்தனை வருடம் வேலை செய்த எனக்கு அதைவிட அழகான மேடு வந்ததில்லை.

தலைவர் மூன்று முறை அளக்கச் சொன்னார். பிறகு முனிரத்தினத்தைச் சன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் கேட்டது.

"என்னய்யா பண்ண இத?"

"ரிப்பேர் பண்ணேன் சார்."

"எப்ப?"

"நீங்க அளந்ததுக்கு மறுநாளே. சொன்னேனே சார். மேடம்கூட இருந்தாங்க."

"அந்தப் பழைய வில்லைய எடுத்துப் போடுய்யா."

முனிரத்தினம் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "இதுல நூறுக்கு மேல கீது சார். எல்லாம் வெள்ளையாத்தான் கீது. எதுன்னு நீங்களே பாத்து எடுங்க" என்றார்.

வந்தவர்கள் இருவரும் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்போது நான் பேசினேன். கேபிள் தளர்ந்திருக்கலாம், கருவி பழையது, இன்று அதன் அளவை நம்ப முடியாது என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டு மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். பிறகு இரண்டு மதியங்கள் தலைவர் தனியாக உட்கார்ந்து, பாட்டிலிலிருந்து ஒவ்வொரு வில்லையாகக் குழியில் போட்டு அளந்துகொண்டிருந்தார். முனிரத்தினம் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்கு வேண்டிய உதவிகளைச் செய்துகொண்டிருந்தார். அவர் தேடிய வில்லை அந்த நேரம் முழுவதும் முனிரத்தினத்தின் சட்டைப் பையில் இருந்தது. நாலு வருடமாக அது அங்கேதான் இருந்தது, சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துவைத்து, மறுநாள் மறுபடி போட்டுக்கொள்வாராம். இது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

ஒரு வாரத்துக்குள் அவரை ஆய்வகத்திலிருந்து எடுத்து விடுதியின் பம்ப் அறைக்குப் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், ஜெனரேட்டர். கடைசி ஆறு வருடமும் அங்கேதான். தலைவர் முதல்வரானார். அவர் இடத்துக்கு என்னைத் துறைத் தலைவராகப் போட்டார். கருவிமேல் நான் பழிபோட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நானே என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாதம் முனிரத்தினம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் மொபெட்டை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "அனலைசர் மேல பழியப் போட்டீங்களே மேடம்" என்றார். "அது உண்மையத்தானே சொல்லிகினு இருந்துச்சு." அவ்வளவுதான். போய்விட்டார்.

ஏன் அவரே வெளியில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மகளைப் பணியாளர் பிள்ளைகளுக்கான இடத்தில் எங்கள் கல்லூரியிலேயே படிக்கவைக்கவேண்டும் என்று இருந்தார், அப்படியே சேர்த்தார். இந்தக் கோடையில் புவனா படிப்பை முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வந்தது, வீட்டுக்கு வரமுடியுமா என்று.

போனேன். சிறுநீரகம் கெட்டு முகம் உப்பியிருந்தது. வாரம் மூன்று நாள் திருவள்ளூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ராஜேஸ்வரி டீ கொடுத்துவிட்டு, இவர் நேற்று இரவிலிருந்து சட்டையை மாற்றிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பதாகக் கேலி செய்தார். முனிரத்தினம் தலையணைக்குப் பக்கத்திலிருந்து நோட்டையும் ஒரு மாத்திரைக் கவரையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். கவருக்குள் அந்த வில்லை இருந்தது. நோட்டில் ஒரு பக்கத்தில் ஐந்தாம் வரிசை, நான்காம் குழி, இரண்டு அளவுகள், வெப்பநிலை. கீழே, தலைவரிடம் சொன்ன நேரம்.

"எம் பொண்ணு வெளிய வந்துட்டா. இனிமே அவங்க கையில எங்களுது ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுங்க மேடம். உங்க பேருதான் அதுல கீது" என்றார்.

புவனா குறுக்கே வந்து, "வுடு நைனா, அந்தாளுக்கு முருகன் குடுப்பான்" என்றாள்.

"முருகனுக்கு வேற வேல இல்லியா" என்றார் முனிரத்தினம். "மன்னிக்கிறவங்க மன்னிக்கட்டும். நான் அளந்து வெச்சிகினு கீறேன்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் பார்த்தேன். தேர்வுத்தாள் திருத்தம் இருந்தது, புது மாணவர் சேர்க்கை இருந்தது, என் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை இருந்தது. பிறகு புவனாவின் போன் வந்தது.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். அலமாரிச் சாவி இப்போது என் இழுப்பறையில்தான் இருக்கிறது. தகடுகளை வைத்து அளந்தேன். மேடு. ஐந்தாம் வரிசை நான்காம் குழியில் அவர் கொடுத்த வில்லையைப் போட்டேன். வெட்டு, கட்டுரையில் அச்சான அதே இடத்தில், அன்றைய வெப்பத்துக்கு விலகவேண்டிய அளவு மட்டும் விலகி. எடுத்தேன், போட்டேன். அவர் சொன்னதை நம்பாமல் இல்லை. அளக்காமல் நம்பினால் அவருக்கே பிடித்திருக்காது.

அன்று பத்து மணிக்குக் கட்டுரை வெளியான இதழுக்குக் கடிதம் அனுப்பினேன். இரண்டு வளைவுகளும், நோட்டுப் பக்கத்தின் நகலும், கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்ற கோரிக்கையும். கையெழுத்து என்னுடையது.

இரங்கல் கூட்டம் முடிந்து முதல்வர் நாலு வரி கேட்டார் என்று சொன்னேன் அல்லவா. அப்போது அவருடைய அறைக்குள் போய், கைப்பையிலிருந்து பத்து வில்லைகளை எடுத்து அவர் மேசைமேல் வரிசையாக வைத்தேன். உங்கள் கண்டுபிடிப்பு இதில் எது என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

"அவனே போயிட்டான் மேடம். இப்ப யாருக்காக இதெல்லாம்?" என்றார். பிறகு, "உங்க பேரும்தான் நாறும்" என்றார்.

நாறட்டும் என்றேன். கடிதம் போய்விட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தேகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வில்லைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இறந்தவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்புகிறவள் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்திருந்தால் அவர் பார்த்திருப்பார். அந்தக் கணக்கில் குற்றவாளி முதல்வர் இல்லை, நான். அதனால் இருப்பவர்கள் பார்க்கும்படி எழுதுகிறேன். முதல்வரின் மகனும் மருமகளும் இந்த இதழைப் படிக்கும் பழைய மாணவர்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் கட்டுரை வெளியான இதழிடமிருந்து பதில் வந்தது. விசாரணையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு படிவம் அனுப்பி, இந்த ஆய்வில் யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வரியாக நிரப்பச் சொல்லியிருந்தார்கள். முதல் வரியில் முனிரத்தினத்தின் பெயரை முன்னெழுத்தோடு முழுதாக எழுதினேன். வில்லைகளைச் செய்தார், தரம் பிரித்தார், அடுக்கினார், அளந்தார், பிழையைக் கண்டுபிடித்தார், திருத்தினார், தெரிவித்தார். கட்டம் போதாமல் அடுத்த கட்டத்துக்கும் போனது. முதல்வர் பெயருக்கு நேரே நிறைய யோசித்தேன். பொய் எழுதக்கூடாது, விடவும் கூடாது. ஒரு வில்லையைக் குழியில் வைத்தார் என்று எழுதினேன். என் பெயருக்கு நேரே, தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்று எழுதினேன்.

புவனா நோட்டைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். வில்லை ஆதாரம் என்பதால் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன், அதுவும் என்னுடையது இல்லை. முனிரத்தினத்திடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவருடைய கோபம் ஒன்றைத்தான். பம்ப் அறையின் ஈரத்தில் ஆறு வருடம் கிடந்தும் அது துருப்பிடிக்கவில்லை. எனக்கு ஓய்வு வயது வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. முதல்வருக்கு இரண்டு.